பந்தியில் உட்காரும் வாயு

பேராசிரியர் அவளைத் தன் அறைக்குள் நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தும் வராந்தாவில் நின்ற எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அவளுடைய ஊரைச் சொன்னார், அவள் படித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னார், அவளுடைய ஆங்கிலத்தைச் சொன்னார். வெண்டைக்காய் பறிக்க வேண்டியவர்களெல்லாம் ஆராய்ச்சிக்கு ஏன் வருகிறார்கள் என்றும் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"என்னடி இப்படிப் பேசுறாரு?"

"எடை போடுறப்ப ஃபேனை நிப்பாட்டணுமாம்டி" என்றாள்.

"வேற?"

கொஞ்சம் யோசித்தாள். "வேற ஒண்ணும் உருப்படியாச் சொல்லலை."

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். அவ்வளவு நேர வசவிலிருந்து ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பேராசிரியர் சொன்னதும் சரிதான், காற்றில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அவள் எடைகள் பிசகாமல் வந்தன. நானாக இருந்திருந்தால் மின்விசிறியை விட்டுவிட்டு வெண்டைக்காயைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன். இன்றைக்கு வரைக்கும் அதை இறக்கி வைத்திருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவிகள், ஒரே வயது, ஒரே மேஜையின் இரண்டு பக்கம். நான் டவுனிலேயே பிறந்து வளர்ந்த வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவள். அவள் சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பையில் சாப்பாட்டுடன் எனக்கென்று தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் வெஞ்சனம் தனியாக இருக்கும். அதைக்கூட "இந்தா, உனக்கு" என்று சொல்லித் தர மாட்டாள். மேஜையில் என் பக்கம் தள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.

அவள் வேலை வாயுக்களைப் பிரிப்பது. அதற்கு ஒரு வீட்டுக் காரணம் இருந்தது. அவள் அப்பா தோட்டத்தில் சாண எரிவாயுக் கலன் கட்டியிருந்தார். அந்த வாயுவில் எரிகிறது மீத்தேன். கூடவே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு கலந்திருக்கும், அது எரியாது, எரிகிறதையும் மந்தமாக்கும். அவள் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "இதுல உலை கொதிக்கிறதுக்குள்ள உங்கப்பன் மதுரைக்குப் போயிட்டே வந்துரலாம்" என்று புலம்புவதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கரியமில வாயுவைப் பிடித்து நிறுத்திவிட்டு மீத்தேனை மட்டும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். பிடித்து நிறுத்துவதற்கு அவள் ஒரு பொடி செய்துகொண்டிருந்தாள். புத்தகத்தில் அதற்கு உலோக–கரிமச் சட்டகம் என்று பெயர். அப்போது உலகத்திலேயே அது புதுசு. எங்கள் துறையில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

எனக்கு அது புரிந்தது பஸ்ஸில். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகையில், கனகாம்பரக் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா அவளிடம் கேட்டார்.

"ஏத்தா, இம்புட்டு வருசமா என்னதான் படிக்கிற?"

"பந்தல் போடப் படிக்கிறேன் பெரியம்மா" என்றாள்.

"பந்தலா?"

"ஆமா. உலோகம் கணுக் கணுவா நிக்கும். கணுவுக்குக் கணு ஒரு கம்பு. கம்பு கொஞ்சந்தான், நடுவுல பூராம் இடம். கண்ணுக்கே தெரியாத பந்தலு, ஒரு சிட்டிகைப் பொடிக்குள்ள கோடிக்கணக்குல இருக்கும். அதை விரிச்சுப் போட்டா ஒங்க பூந்தோட்டம் பூராவும் காணாது."

"பந்தல் போட்டு?"

"கலியாணத்துக்கு ரெண்டு விதமா ஆளு வருதுல்ல பெரியம்மா? மொய்யை எழுதிட்டு அப்படியே பஸ் ஏறுறவங்க. அவங்கதான் மீத்தேன். அவங்க அடுப்புக்குப் போகட்டும். இன்னொண்ணு, பந்தியில உக்காந்து நெதானமாச் சாப்பிடுறவங்க. அவங்கதான் கரியமில வாயு. அவங்க உக்கார்ற மாதிரி நான் பந்தல் போடணும்."

அந்த அம்மா விடவில்லை. "உக்காந்தவுகள எப்படிக் கெளப்புவ? அடுத்த பந்திக்கு இடம் வேணும்ல?"

"செத்த நேரம் சூடு காட்டுனா எந்திரிச்சுருவாங்க."

பஸ்ஸே சிரித்தது. பரப்புக் கவர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் ஒரு சொல் உண்டு. வாயு ஒரு பொருளின் மேல் போய் ஒட்டி உட்காருவதற்கு அதுதான் பெயர். சினிமாப் போஸ்டர் மாதிரி இருக்கிறதே என்று வகுப்பில் சிரித்ததோடு நான் அதை விட்டிருந்தேன். பூக்கூடைக்காரம்மாவுக்கு அவள் சொன்ன பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை.

அவளும் ஒரு பந்தல்தான் என்று நான் கேலி செய்வேன். ஊர் பேசுகிறது அத்தனையும் அவள் வழியாகத்தான் போகும். உள்ளே உட்காருவது ஒன்றே ஒன்றாக இருக்கும். எது உட்காரும் என்று நமக்குத் தெரியாது.

ஒருமுறை நத்தம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இவள் நிறத்தைச் சொன்னாராம், வயதைச் சொன்னாராம், இம்புட்டுப் படித்த பிள்ளை தண்ணிக் குடம் தூக்குமா என்று கேட்டாராம். கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள் தங்கை. இவளிடம் கேட்டேன்.

"பாவம்டி, அந்தம்மாவுக்கு முழங்கால் நீரு. தரையில உக்கார முடியலை. எங்க வீட்டுல சேர் ஒண்ணுதான் இருக்கு, அதுல மாப்பிள்ளைய உக்கார வச்சுட்டோம். இன்னொரு சேர் வாங்கணும்" என்றாள்.

வாங்கவும் வாங்கினாள்.

இதனால் எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது. நல்லதும் அவளிடம் நிற்காது என்று தோன்றும். நான் புதுச் சுடிதார் போட்டு வந்தால் தெரியாது. இரவல் தந்த புத்தகம் யாருடையது என்று மறந்து, என்னிடமே வந்து "நல்ல புத்தகம், படிச்சிட்டுத் தா" என்று கொடுத்திருக்கிறாள். என் பிறந்தநாளை அவள் ஒரு வருஷம்கூட நினைவில் வைத்ததில்லை. கேக் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தால், "யாருக்குக் கலியாணம்?" என்பாள். நான் அவளிடம் உட்காருகிற ஆளா, மொய் எழுதிவிட்டுப் பஸ் ஏறுகிற ஆளா என்று யோசித்து யோசித்து எரிச்சல்பட்டிருக்கிறேன். சின்னத்தனம்தான். ஆனால் சிநேகிதத்தில் அதெல்லாம் இருக்கும்.

ஆராய்ச்சியின் கடைசி வருஷம் அவளுக்கு நெருக்கடி. உதவித்தொகை முடிந்துவிட்டது. அவள் அப்பா கல்லூரி வாசல் வரைக்கும் வந்து, என் முன்னால்தான் சொன்னார்.

"தை வரைக்குந்தான் தாயி. தை பொறந்தா நான் ஒரு எடத்தப் பேசி முடிச்சிருவேன். அதுக்கு மேல என்னையக் கேக்காத."

"சரிப்பா" என்றாள். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு, "தை வரைக்கும் இருக்குன்னுட்டாருடி" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

பொடி இன்னும் நிற்கவில்லை. துத்தநாக உப்பையும் ஓர் அமிலத்தையும் கரைப்பானில் கலந்து மூடிச் சூட்டில் வைத்தால் படிகம் வளரும். கல்கண்டு மாதிரி, தெளிவாக, சதுரம் சதுரமாக. பார்க்க அழகு. ஆனால் அந்தப் பந்தலுக்குள் இடம் பூராவும் கரைப்பானே அடைத்துக்கொண்டிருக்கும். அதை வெளியேற்றினால்தான் வாயு உட்கார இடம் கிடைக்கும். வெளியேற்றும்போது பந்தல் சரிந்துவிடும். மறுபடி வளர்ப்பாள், மறுபடி சரியும். புரட்டாசியில் ஒரு தொகுதி சரியாமல் நின்றது. அதை வேக்குவம் அடுப்புக்குள் வைத்து, பம்பு போட்டுக் காற்றை இழுத்து, மெல்லிய சூட்டில் விட்டாள். ஆயுத பூஜை விடுமுறை முழுக்க அது அப்படியே இருக்க வேண்டும். விடுமுறை முடிந்த கையோடு சென்னைக்கு எடுத்துப் போய், அங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்த கருவியில் வாயு எவ்வளவு உட்காருகிறது என்று அளக்க வேண்டும். அந்தக் கருவிக்கு முறை வாங்கவே மாதக்கணக்கில் காத்திருந்தாள். அந்த அளவு வந்தால் ஆய்வேடு முடியும், வராவிட்டால் தை.

அடுப்புக் கதவில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். பம்பு காற்றை இழுத்துவிட்ட அடுப்பை நல்ல ஈரமில்லாத வாயுவை விட்டுத்தான் திறக்க வேண்டும். சூடேறி வெறுமையான அந்தப் படிகத்துக்கு மழைக்காற்று விஷம். ஈரம் பட்டால் கம்பு கழன்று பந்தலே படுத்துவிடும்.

எங்கள் துறையில் ஆய்வகப் பணியாளர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்போம். ஓய்வு பெறும் வயது. ஆயுத பூஜை அவருடைய நாள். அன்றைக்குத் துறைக்கு அவர்தான் தலைவர். பர்னரிலிருந்து தராசு வரைக்கும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைப்பார். அன்றைக்கு எந்தச் சாமானும் ஓடக் கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் பொரி தவறாமல் வந்துவிடும்.

திங்கட்கிழமை நாங்கள் வரும்போது வெளியே மழை. ஆய்வகம் முழுக்கச் சந்தன வாசனை. பம்பு சத்தம் இல்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு ஓடினாள். கதவில் அவள் ஒட்டிய காகிதம் இருந்தது, அவள் ஒட்டியதைவிட நேராக. நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே தட்டு பளபளவென்று துடைத்திருந்தது. கண்ணாடிக் குப்பியின் நெற்றியில் ஒரு குங்குமம். குப்பிக்குள் கல்கண்டு இல்லை, சுண்ணாம்பு இருந்தது.

"என்னண்ணே பண்ணுனீங்க?" என்று நான்தான் கத்தினேன்.

அவர் பயந்துபோனார். "எல்லாச் சாமானையும் நிப்பாட்டுனேன் பாப்பா. இதுமட்டும் உறுமிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாளாச்சும் அதுவும் செத்த அமரட்டும்னு சுவிச்சை அமத்துனேன். உள்ள பொட்டு வைக்கக் கதவு வரலை. அந்தத் திருகைத் திருகினேன், உஸ்ஸுனு காத்து உள்ள போச்சு. பெறகு வந்துருச்சு." அவளைப் பார்த்தார். "ஆத்தா, உன் சாமானுக்குத்தானத்தா நான் மொதப் பொட்டே வச்சேன்."

பேராசிரியர் வந்தார். அவர் அன்றைக்குப் பேசியதை நான் எழுதப் போவதில்லை. அண்ணனை முதல்வரிடம் கூட்டிப் போய், ஓய்வூதியத்திலேயே கைவைக்கிற மாதிரி ஏதாவது செய்துவிட்டுத்தான் ஓய்வேன் என்றார். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். கேவிக் கேவி, மூக்கு ஒழுக, ஆய்வகக் கோட்டில் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதேன். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். படிகம் சரியும்போதெல்லாம் அவள் குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

அவளும் அங்கே வந்தாள். அந்தக் குப்பியைக் கழுவ ஆரம்பித்தாள்.

"உஸ்ஸுனு எம்புட்டு நேரம் சத்தம் வந்துச்சுன்னு அண்ணன்கிட்டக் கேட்டேன்டி" என்றாள். "ரொம்ப நேரம் வந்துச்சாம். அப்ப, அதுவரைக்கும் வெற்றிடம் நல்லாப் புடிச்சிருந்துருக்கு. பம்பு சரியா இருக்கு. நான் பம்பைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. "உனக்குக் கோவமே வராதாடி?"

"வரும். நிக்காது."

முதல்வர் அறையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். "அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது சார், நான் தமிழ்ல எழுதியிருக்கணும்." முதல்வர் புகாரை அதோடு முடித்துவிட்டார். பிறகு ஓய்வு பெறும் நாள் வந்தபோது அண்ணன் முழு ஓய்வூதியத்தோடு மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு அவள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டாள் என்று பிறகு கேலி செய்தேன். பம்பு ஒன்று, தமிழ் ஒன்று.

சென்னை முறை கைவிட்டுப் போனது. கரைப்பானும் தீர்ந்துவிட்டது, வரவழைக்க நாளாகும். என் வேலைக்கு வாங்கி வைத்திருந்த புட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தேன், அவள் வெஞ்சனம் தள்ளி வைப்பது மாதிரியே. அதனால் என் வேலை பின்தங்கியது. பரவாயில்லை என்று அவளிடம் சொன்னேனே தவிர, ஒரு நன்றியாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் காத்திருந்தது உண்மை. "இது எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஐப்பசி மழை முழுக்கப் படிகம் வளர்த்தாள். அடுப்புக் கதவில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினாள். பக்கத்தில் அண்ணன் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தார். துறைத் தலைவரையே கிட்டே விடவில்லை.

மார்கழியில் சென்னையில் யாரோ வராததால் ஒரு முறை கிடைத்தது. பொடியைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, வாயைத் தீயில் உருக்கி மூடி, பஞ்சு சுற்றி, சாப்பாட்டு அடுக்கின் மேல் தட்டில் வைத்துக்கொண்டாள். கீழ்த் தட்டில் புளிச்சோறு. அப்படியே ரயில் ஏறிப் போனாள்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. துறைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் ஓடினேன், அண்ணனும் ஓடினார். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குரல்.

"உக்காந்துருச்சுடி" என்றாள்.

அவ்வளவுதான். கரியமில வாயு உட்கார்ந்துவிட்டது. மீத்தேன் பெரும்பாலும் நிற்காமல் போய்விட்டது. நான் அண்ணனிடம் "உக்காந்துருச்சாம்ணே!" என்று கத்தினேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தை பிறந்தது. அப்பா பேசி முடித்தார். ஆனால் ஆய்வேடு முடிந்து வாய்மொழித் தேர்வும் ஆன பிறகுதான் கல்யாணம் என்பதற்கு ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பொடி அவள் அம்மாவின் அடுப்புக்கு வந்து சேரவே இல்லை. சிட்டிகை செய்யவே அந்தப் பாடு, கலன் அளவுக்கு யார் செய்வது? கொஞ்ச காலத்தில் அந்த வீட்டுக்குச் சிலிண்டர் வந்துவிட்டது.

பிறகு நாங்கள் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்கள் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் நிற்கிற இடத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவள்தான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். பேச்சில் கொங்குப் பக்கத்து 'ங்க' ஏறியிருந்தது. "என்னங்க நல்லாருக்கீங்களா" என்று நான் கிண்டல் செய்ததும் பழைய மாதிரி ஆனாள்.

பேச்சு பழையதற்குப் போனது. வெண்டைக்காயைச் சொன்னேன். "அப்படியா சொன்னாரு?" என்றாள். நத்தத்து மாப்பிள்ளை வீட்டைச் சொன்னேன். "யாருடி அது?" மெதுவாகக் கரைப்பான் புட்டியை எடுத்தேன். நெற்றியைச் சுருக்கினாள். "அது நீயா குடுத்த?"

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்னதான்டி ஞாபகம் இருக்கு?" என்றேன். கேட்டபோது அது கேலியாக வரவில்லை.

பஸ்ஸை எடுக்கப் போவதாக நடத்துநர் சத்தம் கொடுத்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தாள்.

"அன்னைக்குக் கொழாயடியில நீ அழுத பாரு" என்றாள். "எனக்கு வந்த அழுகைய நீ அழுதுட்ட. இல்லாட்டி நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்டி. தை வரைக்கும்கூட இருந்துருக்க மாட்டேன். அது இருக்கு. எந்தச் சூட்டைக் காட்டுனாலும் எந்திரிக்க மாட்டேங்குது."

ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்போது பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து ஜன்னல் வழியே என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு என் பிறந்தநாள். அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.